நல்லது ரெண்டாம் பக்கத்துல

அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கறீங்களா ஐயா? கீழ வைக்க வேண்டாம், ஆப்பிள் வாசனை வருது, யாராவது மிதிச்சுடுவாங்க. மடியிலயே இருக்கட்டும். நான் இந்த ஃபைலைப் பக்கத்துல வச்சுக்கணும், அதுக்குத்தான் கேட்டேன். இதை மேல கம்பியில போட முடியாது. போன தடவை போட்டேன், திருப்பத்துல சரிஞ்சு ஒரு அம்மா தலையில விழுந்து அந்தம்மா எங்க பல்கலைக்கழகத்தையே திட்டுச்சு.

வண்டியை எப்ப எடுப்பாங்க? டிரைவர் டீ குடிக்கப் போனவரு திரும்பி வந்த மாதிரி தெரியலையே. மணி என்ன ஆச்சு? என் கடிகாரம் ஓடுது, ஆனாலும் கேக்கறேன். காலையில இருந்து இப்படித்தான், ஒரு இடத்துல உக்கார முடியல. வீட்டுல காபியை டம்ளர்ல ஊத்தி வச்சுட்டு அப்படியே கிளம்பி வந்துட்டேன்.

நீங்க எதுவரைக்கும் போறீங்க? மலையடிவாரம் பக்கமா? சரிதான், நானும் அந்தப் பக்கம்தான். கெண்டையனஅள்ளி. என்ன, சட்டுனு திரும்பிட்டீங்க? வெயில் படுதா? திரையை இழுத்து விடட்டுமா? ஓ, ஊரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா. கேள்விப்படாம எப்படி இருப்பீங்க. பேப்பர்லயே வந்துச்சே. அது வந்ததுக்குக் காரணம் யாருன்னு நினைக்கறீங்க? இந்தா, உங்க பக்கத்துல உக்காந்திருக்கேனே, நான்தான். குபேந்திரன், வேதியியல் பேராசிரியர்.

அப்பாடா, எடுத்துட்டான்.

அந்த ஊரைப் பத்திச் சொல்லச் சொல்றீங்களா? சொல்றேனே. எனக்கும் யார்கிட்டயாவது சொன்னா தேவலைன்னுதான் இருக்கு. வீட்டுல சொன்னா என் சம்சாரம் அடுப்பைப் பார்க்கப் போயிடறா.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்குங்க. பல்கலைக்கழகம்னா வெளியில இருக்கறவங்களுக்குப் பெரிய கேட்டு தெரியும், தோட்டம் தெரியும். உள்ள வந்து பாருங்க. என் லேப்ல ஃப்ரிட்ஜ் கதவைச் சணல் கயிறு போட்டுக் கட்டி வச்சிருந்தோம். குழாயைத் திறந்தா காத்துதான் வரும். வேதியியல் துறையில தண்ணி வராது ஐயா! பசங்க ஹாஸ்டல்ல இருந்து குடத்துல தூக்கிட்டு வந்து பரிசோதனை பண்ணுவாங்க. அரசாங்கம் தர்றது சம்பளத்துக்கே சரியாப் போயிடும். மிச்சத்துக்கு என்ன பண்றது? எழுதித்தான் வாங்கணும். டெல்லிக்கு எழுதணும், மெட்ராஸுக்கு எழுதணும், 'எங்ககிட்ட இந்த யோசனை இருக்கு, இதால இன்னாருக்கு நன்மை, நிதி குடுங்க'ன்னு எழுதணும். அதுக்குப் பேருதான் ப்ரொபோசல். அது பாஸ் ஆனா ப்ராஜெக்ட்.

ஸ்டாஃப் ரூம்ல என்னை என்ன சொல்வாங்க தெரியுமா? 'குபேந்திரன் பாடம் எடுக்கறதை விட்டுட்டுப் பிச்சை எடுக்கறான்'னு சொல்வாங்க. காதுபடவே சொல்வாங்க. அப்புறம் அவங்களே என் லேப்புக்கு வந்து, 'சார், உங்க மெஷின்ல என் ஸ்டூடண்டோட சாம்பிளை ஒரு தடவை போட்டுக்கட்டுமா'ன்னு பல்லைக் காட்டுவாங்க. போட்டுக்கோன்னுதான் சொல்வேன். அந்த மெஷினை யாரு கொண்டு வந்தது? எழுத்து கொண்டு வந்துச்சு ஐயா. வீட்டுல சோத்துக்கு வழியில்லாத பிள்ளைங்க உதவித்தொகை வாங்கி டாக்டர் பட்டம் முடிச்சு வெளியூர் போயிருக்குன்னா அது யாரோட எழுத்து? இதுல நான் வெக்கப்பட என்ன இருக்கு? எனக்கு ஒரு வெக்கமும் இல்ல.

ஆனா எழுதத் தெரியணும். அது எல்லாருக்கும் வராது. எந்த விஷயத்தைக் குடுத்தாலும் எப்படி ஆரம்பிக்கணும்னு எனக்குத் தெரியும். ஆரம்பத்துல ஜெயிச்சா பாதி ஜெயிச்ச மாதிரி. இதை எனக்குக் கத்துக் குடுத்தது ஜெபமணி மேடம். எங்க ஆராய்ச்சிப் பிரிவுல சூப்பரிண்டெண்ட். பட்ஜெட் போடறதுல இருந்து டெல்லிக்கு அனுப்பற வரைக்கும் அந்தம்மா கையிலதான். துணைவேந்தரே அவங்க மேஜைக்கு முன்னாடி நின்னுதான் பேசுவாரு. 'சார், முதல் பக்கம் முழுக்க அழணும். நல்லது எதுவா இருந்தாலும் ரெண்டாம் பக்கத்துல வச்சுக்குங்க. முதல் பக்கத்துலயே சிரிச்சா எவனும் காசு குடுக்க மாட்டான்'னு சொல்வாங்க. இதை நான் பிடிச்சுக்கிட்டேன்.

இப்ப கெண்டையனஅள்ளிக்கு வர்றேன். அங்க போர்த் தண்ணியில ஃபுளோரைடு இருக்கு. அந்தப் பக்கத்துப் பாறையே அப்படி. அளவுக்குக் கொஞ்சம் மேல. சின்ன வயசுல அந்தத் தண்ணியைக் குடிச்சு வளர்ந்தா பல்லுல பழுப்பாக் கறை விழும். அவ்வளவுதான். அந்த ஊருப் பொண்ணு ஒண்ணு எங்கிட்ட எம்.எஸ்ஸி. படிச்சுது, சங்கவின்னு. அதுதான் ஊர்ல இருந்து பாட்டில்ல தண்ணி கொண்டு வந்து, 'சார், இதுக்கு ஏதாவது பண்ணலாமா'ன்னு கேட்டுச்சு. நல்ல பொண்ணு. கெட்டிக்காரப் பொண்ணு. நான் உடனே எழுதினேன். ஊருக்கு ஒரு சுத்திகரிப்பு நிலையம், பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் பல் பரிசோதனை, லேப்புக்கு ஒரு மெஷின்.

திரும்பி வந்துச்சு. மறுபடியும் எழுதினேன், மறுபடியும் திரும்பி வந்துச்சு. 'பிரச்சினையின் தீவிரம் போதுமானதாக இல்லை'ன்னு ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தாங்க. தீவிரம் போதலையாம்! ஊர்க்காரன் படற பாட்டை டெல்லியில உக்காந்து அளக்கறாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. ஜெபமணி மேடம் ப்ரொபோசலை எடுத்துப் படிச்சாங்க. படிச்சுட்டு, 'சார், இதைப் படிச்சா யாருக்கும் தூக்கம் கெடாது'ன்னாங்க. கறைன்னா தேய்ச்சாப் போயிடும்னு நினைப்பாங்களாம். அந்தக் கறையால மனுஷனுக்கு என்ன ஆச்சுன்னு வரணுமாம்.

அப்ப எழுதினேன் ஐயா ஒரு வரி. 'இவ்வூர்ப் பெண்களை மணமுடிக்க வெளியூரார் எவரும் முன்வருவதில்லை.'

எப்படி?

என்ன யோசிக்கறீங்க? நிஜமான்னா? அப்ப இல்ல. அப்ப அந்த ஊருப் பொண்ணுங்களுக்குக் கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு. நானே ரெண்டு கல்யாணத்துல சாப்பிட்டிருக்கேன். அந்த வரி நானா எழுதினது. எழுத்துன்னா அதுதானே. இருக்கறதை அப்படியே எழுத குமாஸ்தா போதும். டெல்லியில கமிட்டிக்கு முன்னாடி நின்னு இந்த வரியைச் சொன்னேன் பாருங்க, வடக்கத்தி அம்மா ஒருத்தங்க கண்ணாடியைக் கழட்டி மேஜை மேல வச்சுட்டாங்க. அப்புறம் ஒரு கேள்வியும் கேக்கல. ப்ராஜெக்ட் பாஸ் ஆயிடுச்சு.

இது எந்த ஊரு? இன்னும் செக்போஸ்டே வரலையா? நடந்து போனாலே முன்னாடி போயிடுவோம் போலிருக்கே.

மெஷின் வந்துச்சு. பல்கலைக்கழகத்துல பாராட்டு விழா வச்சாங்க, சால்வை போட்டாங்க. ஊர்ல சுத்திகரிப்பு நிலையம் கட்டினோம். பாருங்க நீங்க ஒரு தடவை, நீலக் கலர் ஷெட்டு, தண்ணி அப்படி இருக்கும். ஆறு பேருக்கு வேலை. சங்கவியையே ப்ராஜெக்ட்ல சேர்த்துக்கிட்டேன், அதுதான் நிலையத்தைப் பார்த்துக்குது, பிஎச்.டி.யும் பண்ணுது. திறப்பு விழா அன்னைக்கு ஊரே என்னைத் தோள்ல தூக்காத குறை. சின்னபாப்பான்னு ஒரு அம்மா, அவங்கதான் பஞ்சாயத்துத் தலைவர், எனக்குத் தேங்கா சுத்தி உடைச்சாங்கன்னா பார்த்துக்குங்க.

அப்புறம்தான் பேப்பர். எங்க மக்கள் தொடர்பு அலுவலகம் இருக்கே, அவங்களுக்கு யாரு சொன்னாங்கன்னு தெரியல, ப்ரொபோசலோட முதல் பக்கத்தை அப்படியே எடுத்துப் பத்திரிகைக்குக் குடுத்துட்டாங்க. முதல் பக்கத்தை மட்டும். பேப்பர்க்காரன் என் வரியையே தலைப்பா போட்டுட்டான். 'பெண் எடுக்க ஆளில்லாத கிராமம்.' நல்லா இருந்துச்சு, பெரிய எழுத்துல. நான் வெட்டி லேப்ல ஒட்டி வச்சேன்.

அதுல இருந்து ஊர்க்காரங்க போக்கே மாறிப்போச்சு. வெளியூர்ல இருந்து பொண்ணு பார்க்க வர்றதா இருந்தவங்க வரலையாம். பேசி முடிச்ச சம்பந்தம் நின்னு போச்சாம். பொண்ணு சிரிச்சா வாயைப் பார்க்கறாங்களாம். பசங்களுக்கும் அப்படித்தானாம், அந்த ஊருன்னாலே எலும்பு வளைஞ்ச ஊருன்னு சொல்றாங்களாம். நான் என்ன பண்ண முடியும் சொல்லுங்க? நான் எழுதினப்ப அது நடக்கல, இப்ப நடக்குது. அப்படின்னா நான் எழுதினது தப்பில்லைன்னு ஆயிடுச்சு இல்லையா? தண்ணி குடுத்தவனை யாராவது திட்டுவாங்களா? அந்த சின்னபாப்பா அம்மா போன மாசம் ஊர்ல இருக்கற எங்க ப்ராஜெக்ட் ரூமுக்குப் பூட்டுப் போட்டுட்டாங்க. என்னைப் பார்த்து, 'வாத்தியாரே, எங்க ஊரு நல்லாத்தான் இருக்குதுன்னு அதே பேப்பர்ல எழுது, அப்பதான் சாவி'ங்கறாங்க. வாத்தியாரேன்னா கூப்பிடறது? நான் பேராசிரியர்!

எழுதலாம் ஐயா. எழுத எனக்கு என்ன. ஆனா ரெண்டாம் கட்டம்னு ஒண்ணு இருக்கே. முதல் கட்டம் இந்த மாசத்தோட முடியுது. நீட்டிக்கலைன்னா ஆறு பேரும் வீட்டுக்குப் போகணும், வடிகட்டியை மாத்த ஆளில்லாம நிலையம் துருப்பிடிச்சுப் போகும், மறுபடியும் போர்த் தண்ணிதான். திங்கக்கிழமை டெல்லியில இருந்து கமிட்டி நேரா ஊருக்கே வருது. இந்த நேரத்துல 'ஊரு நல்லா இருக்கு'ன்னு நான் எழுதினா, 'நல்லா இருக்கா? சந்தோஷம். அப்ப எதுக்குக் காசு?'ன்னு கேட்டுட்டுப் போயிடுவாங்க. மோசம்னு எழுதினா, 'இத்தனை நாளா என்ன பண்ணினீங்க'ன்னு கேப்பாங்க. நாங்க நல்லாப் பண்ணியிருக்கோம், ஆனா ஊரு இன்னும் மோசமாத்தான் இருக்குன்னு எழுதணும். இந்தக் கயித்து மேல நடக்கறது எவ்வளவு கஷ்டம்னு அந்தம்மாவுக்கு எப்படிப் புரிய வைக்கறது? அதுக்குத்தான் இன்னைக்குப் போறேன். காலுல விழுந்தாவது சாவியை வாங்கணும்.

கேளுங்க, கேளுங்க. பரம்பரையா வருமாவா? பிள்ளைங்களுக்கா? இதுல நிறைய இருக்கு ஐயா. பல்லோட நிக்காது. மூட்டு பிடிச்சுக்கும், முதுகெலும்பு வளையும், நடக்க முடியாமப் போகும், இதெல்லாம் என் முதல் பக்கத்துலயே இருக்கு, படம் போட்டு. அந்த ஊர்லயான்னா, அந்த ஊர்ல அவ்வளவு தூரம் யாருக்கும் இல்ல. அந்தப் படம் வேற மாநிலத்துப் படம். ஆனா எழுதும்போது அதையும் எழுதணும். அப்பதான் ஒரு கனம் வரும்.

நீங்க நல்லாக் கவனிச்சுக் கேக்கறீங்க. இந்தக் காலத்துல இப்படிக் கேக்க ஆளே கிடைக்கறதில்ல.

மனசுக்குக் கஷ்டம்னா அந்தப் பொண்ணு சங்கவி விஷயம்தான். எங்கிட்ட முன்ன மாதிரி பேச மாட்டேங்குது. போன்ல, 'டேட்டா அனுப்பிட்டேன் சார்', அவ்வளவுதான், வச்சுடுது. ஒரு நாள் லேப்புக்கு வந்தப்ப அந்தப் பேப்பரை ஒட்டின இடத்துலயே நின்னுச்சு. 'சார், அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க, ரெண்டாம் கட்டத்துலயாவது'ன்னுச்சு. எப்படிம்மா எடுக்கறது, அந்த வரியிலதானே கட்டடமே நிக்குதுன்னேன். அந்தப் பொண்ணுக்கு வந்த வரன் எல்லாம் வாசலோட போயிடுச்சாம். அதோட பல்லு எப்படி இருக்கும் தெரியுமா, பால் மாதிரி இருக்கும். சின்ன வயசுல வெளியூர்ல அத்தை வீட்டுல வளர்ந்த பொண்ணு. ஆனா ஊரு பேரைக் கேட்டதும் அவங்க பல்லு வரைக்கும் வர்றதே இல்லையாம். நான் சொன்னேன், 'டாக்டர் பட்டம் வாங்கப் போற, கல்யாணத்துக்கு என்னம்மா அவசரம்'னு. சிரிக்கவே இல்ல. 'அப்பா தூங்க மாட்டேங்கறார் சார்'னு சொல்லிட்டுப் போயிடுச்சு. எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. பொண்ணு மாதிரி வளர்த்தேன் அதை.

நேத்துக்கூட, 'நாளைக்கு வர்றேம்மா, தலைவரம்மாகிட்ட நீயும் கூட வந்து பேசு'ன்னேன். 'நாளைக்கு மட்டும் வராதீங்க சார், வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்க'ன்னுச்சு. விருந்தாளி எப்ப வேணா வரலாம், கமிட்டி வருமா? அதான் சொல்லாமலே கிளம்பிட்டேன்.

என்னது? அப்பா பேரா? மாதையன். சங்கவியோட அப்பா பேரு மாதையன்தான். கல் உடைக்கற கிரஷர்ல வேலையா இருந்தவரு, இப்ப ரெண்டு மாடு வச்சிருக்காரு. உங்களுக்கு எப்படி...

இருங்க.

இந்த ஆப்பிள். உள்ள வெத்தலை பாக்கு இருக்கு. நீங்க அங்கதான் போறீங்களா? அவங்க வீட்டுக்கா?

பொண்ணு பார்க்கவா? மாப்பிள்ளைப் பையனுக்குத் தாய்மாமனா. ஆத்தூர் பக்கத்துல இருந்து வர்றீங்களா. அடடா. ஐயா, ஏறினதுமே சொல்லியிருக்கலாமே. முன்கூட்டியே வந்து டீக்கடையில நாலு பேரை விசாரிச்சுட்டு அப்புறம் வீட்டுக்குப் போகலாம்னு இருந்தீங்களா. ஆமா, அப்படித்தானே பண்ணுவாங்க, எல்லாரும் அப்படித்தான். எங்க வீட்டுலயும் அப்படித்தான் பண்ணினோம். அதுக்கு நான் பஸ்லயே இப்படி...

கேளுங்க ஐயா. என் முகத்தைப் பார்த்துக் கேளுங்க. நான் சொன்னதெல்லாம் ப்ரொபோசல் பேச்சு. அந்த ஊர்ல ஒண்ணும் இல்ல. தண்ணி தங்கம். நானே குடிச்சிருக்கேன், இன்னைக்கும் குடிப்பேன், உங்க முன்னாடியே குடிக்கறேன். பரம்பரையா வரவே வராது, நான் வேதியியல் பேராசிரியர் சொல்றேன், அது தண்ணியில வர்றது, ரத்தத்துல வர்றதில்ல. அந்தப் பொண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது. உங்க வீட்டுக்கு வந்தா விளக்கேத்தி வச்ச மாதிரி இருக்கும். அதோட கையெழுத்தைப் பார்த்தீங்கன்னா, முத்து முத்தா இருக்கும். கோவில்ல வேணாலும் சத்தியம் பண்றேன்.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? எது நிஜம்னு கேக்கறீங்களா? அப்ப எழுதினதா, இப்ப சொல்றதா? இப்ப சொல்றதுதான் ஐயா நிஜம். அப்ப எழுதினது... அது காரியத்துக்காக எழுதினது. இல்லைங்க, இது காரியத்துக்காகச் சொல்றது இல்ல. இது வேற. எப்படி வேறன்னா? ஐயோ, இதை எப்படி உங்களுக்குப் புரிய வைப்பேன்.

ஜன்னலைப் பார்க்காதீங்க, பேசுங்க. பையனோட அம்மாவுக்கு நீங்க போய் என்ன சொல்லணும்? 'பெரிய படிப்புப் படிச்சவரு ஒருத்தரு பஸ்ல சொன்னாரு'ன்னா நம்ப மாட்டாங்களா? எழுத்துல இருந்தா நம்புவாங்களா? எழுதிக் குடுக்கணுமா? நானா? பல்கலைக்கழகத் தாள்ல, கையெழுத்துப் போட்டா?

தாள் இருக்கு. ஃபைல்லயே இருக்கு. தாளுக்கு என்ன குறைச்சல். ஆனா ஐயா, ஒரு விஷயம், தப்பா நினைக்கக் கூடாது. திங்கக்கிழமை கமிட்டி போயிடட்டும். செவ்வாய்க்கிழமை நானே உங்க ஊருக்கு வந்து, உங்க அக்கா கையில குடுக்கறேன். ஏன்னா இது தலைவரம்மா கையில கிடைச்சதுன்னா ஊர் முழுக்க நகல் எடுத்து ஒட்டிடுவாங்க. கமிட்டி வந்தா மாலைக்குப் பதிலா அதையே நீட்டுவாங்க. அப்புறம் ரெண்டாம் கட்டம் அவ்வளவுதான். சங்கவிக்கும் அதுலதானே சம்பளம், அதுலதானே பட்டம்? நாலு நாள் பொறுக்கக் கூடாதா?

இன்னைக்கே சொல்லணுமா. வேற இடமும் கைவசம் இருக்கா. புரியுது. புரியுது ஐயா. கொஞ்சம் இருங்க. இந்த வேர்வையைத் துடைச்சுக்கறேன்.

சரி. எழுதறேன். போனாப் போகுது கமிட்டி. ஆறு பேருக்கு வேற வழி பார்த்துக்கலாம், வேற ப்ரொபோசல் எழுதிக்கலாம், என் கையில எழுத்து இருக்கு. அந்தப் பொண்ணு என்னைப் பார்த்துச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு. எழுதறேன். பேனா, பேனா எங்க... இருக்கு. இந்தப் பையை இங்க வைங்க, அது மேல வச்சு எழுதிக்கறேன். வண்டி ஆடுது, ஆடட்டும். நான் எழுதிக்கிட்டே படிக்கறேன், நீங்க கேளுங்க, ஒரு வார்த்தை பிடிக்கலைன்னாலும் சொல்லுங்க, மாத்திடலாம்.

'சம்பந்தப்பட்டவர்களுக்கு.' இது வழக்கமா எழுதறது.

'மலையடிவாரத்தில் அமைந்துள்ள கெண்டையனஅள்ளி கிராம மக்கள், பல தலைமுறைகளாக நிலத்தடி நீரின் நச்சுத்தன்மையால் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகி...'

எங்க எழுந்திரிக்கறீங்க? இருங்க ஐயா, இது ஆரம்பம். ஆரம்பத்துல இப்படித்தான் வரும், கை தானா அப்படிப் போகுது. இருங்க, அடிச்சுட்டேன் பாருங்க, அந்த வரியை அடிச்சுட்டேன். மறுபடியும் எழுதறேன். 'கடுமையான பாதிப்புக்கு உள்ளாகியிருந்த...' இல்ல, இதுவும் இல்ல. நல்லது வருது ஐயா, ரெண்டாம் பக்கத்துல வருது, உக்காருங்க. விசில் அடிக்காதீங்க கண்டக்டர், அவரு இங்க இறங்கல! ஐயா, இது உங்க ஸ்டாப் இல்ல, இங்க ஒண்ணுமே இல்ல, வெறும் புளியமரம்!

ஐயா! பையை விட்டுட்டீங்க! பழம்! ஜன்னல் வழியா தர்றேன், வாங்கிக்குங்க. வேண்டாமா? அவங்களுக்கு எடுத்துட்டு வந்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதா? மாதையன்கிட்ட குடுத்துடணுமா? என்ன சொல்லிக் குடுக்கறது? ஐயா, என்ன சொல்லிக் குடுக்கறதுன்னு சொல்லிட்டுப் போங்க! கண்டக்டர், ஒரு நிமிஷம் நிறுத்துங்க, அவரு ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போறாரு, எதிர் பஸ்ஸுக்கு நிக்கறாரு. ஒரே ஒரு நிமிஷம்...

போயிட்டோம்.

ஆமா கண்டக்டர், கெண்டையனஅள்ளிதான் எனக்கும். அடுத்ததா? அதுக்குள்ளயா வந்துடுச்சு? இவ்வளவு நேரம் உருட்டிக்கிட்டு வந்தீங்க, இப்ப பறக்கறீங்களே. இறங்கறேன், இறங்கறேன், ஃபைல் ஒரு கையில, பை ஒரு கையில, தள்ளாதீங்க.

வாங்க மாதையன். என்ன, சலவை வேட்டியெல்லாம்... நீங்க எதுக்கு ஸ்டாப் வரைக்கும் வந்து நிக்கறீங்க? இந்தப் பையா? ஆமா, அவங்க குடுத்ததுதான். ஆத்தூர்க்காரருதான். ஆமா, என்கூடதான் வந்தாரு, பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. பஸ்ஸுக்குள்ள பார்க்காதீங்க. இல்ல, பின்னாடி இறங்கல. பஸ்ஸு போகட்டும், விடுங்க, கையைக் காட்டி நிறுத்தாதீங்க.

சங்கவி, நீயும் வந்துட்டியாம்மா. பூ வச்சிருக்கியே. இந்தப் பையைப் பிடி, கனமா இருக்கு. அப்படிப் பார்க்காதம்மா. சொல்றேன், ரெண்டு பேருக்கும் சொல்றேன். கொஞ்சம் தண்ணி குடு, குடிச்சுட்டுச் சொல்றேன்.

எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல எனக்கு.